ப்ரிபோசிஷன் கேள்விகளுக்கு நான் படித்த முறை

பட்டதாரிகளுக்கான மத்திய அரசு வேலைகளுக்கு நடக்கும் எஸ்எஸ்சி சிஜிஎல் முதல் கட்டத் தேர்வில் ஆங்கிலத்துக்கு 25 கேள்விகள், 50 மதிப்பெண். பிழை கண்டுபிடித்தல், கோடிட்ட இடம் நிரப்புதல், க்ளோஸ் டெஸ்ட் (ஒரு பத்தியில் விடுபட்ட சொற்களை நிரப்புவது) என்று எந்தப் பகுதியிலும் ப்ரிபோசிஷன், அதாவது இன், ஆன், அட் போன்ற சொற்கள், வரலாம். அதற்கு நான் தயாரான முறையைச் சொல்கிறேன். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு இது கண்டிப்பாக உதவும்.

பள்ளியில் சொல்லித்தந்த இன், ஆன், அட் விதிகளை முதலில் சீக்கிரமாக முடித்துவிடுங்கள். மணிக்கு அட், கிழமைக்கும் தேதிக்கும் ஆன், மாதத்துக்கும் வருடத்துக்கும் இன். 'இன் த மார்னிங்' சரி. கிழமையும் சேர்ந்து வந்தால் 'ஆன் மண்டே மார்னிங்'. காரில், ஆட்டோவில் போனால் இன். எழுந்து நடக்க இடமுள்ள பஸ், ரயில், விமானம் என்றால் ஆன். அவ்வளவுதான், இதையே வாரக்கணக்கில் படிக்க வேண்டாம்.

நேரம் கொடுக்க வேண்டிய இடம் வேறு. தமிழில் ஒரு வினை எந்த வேற்றுமை உருபைக் கேட்கும் என்பது நமக்குச் சொல்லாமலே தெரியும். அதே பொருளுள்ள ஆங்கில வினை வேறொன்றைக் கேட்கும், அல்லது எதையுமே கேட்காது. பிழை கண்டுபிடிக்கும் கேள்விகளில் பெரும்பாலும் இங்கேதான் கை வைப்பார்கள். அதனால் நான் நோட்டை ஆங்கில அகரவரிசைப்படி பிரிக்கவில்லை. தமிழ் உருபுக்கு ஒரு பக்கம் என்று ஒதுக்கி எழுதினேன்.

'ஐ' பக்கத்தைப் பாருங்கள். பாட்டைக் கேட்டேன், என்னைப் பார்த்தான், அப்பாவை நம்பியிருக்கிறேன். தமிழில் மூன்றுக்கும் ஒரே உருபுதான். ஆங்கிலத்தில் லிசன் டு, லுக் அட், டிபெண்ட் ஆன் என்று மூன்றும் மூன்று விதம். 'பற்றி' பக்கம் இதற்கு நேர் எதிர். டிஸ்கஸ், டிஸ்க்ரைப், மென்ஷன் ஆகியவற்றுக்குப் பின் அபௌட் வராது. சென்னைக்கு வந்து சேர்ந்தோம் என்பதில் 'கு' இருந்தாலும் 'ரீச்டு சென்னை' என்று நேராகத்தான் எழுத வேண்டும். டாக்டரோடு கல்யாணம் என்றாலும் 'மேரீட் டு எ டாக்டர்'தான், வித் இல்லை. 'விட' பக்கத்தில் சீனியர், ஜூனியர், சுப்பீரியர், இன்ஃபீரியர் நான்கையும் எழுதி எதிரே 'டு' போடுங்கள். அங்கே 'than' போடத்தான் கை போகும்.

எனக்கு மிகவும் பிடித்தது 'உள்' பக்கம். 'ஐந்து மணிக்குள் வா', 'ஐந்து நாளுக்குள் வா' இரண்டிலும் நமக்கு ஒரே 'உள்'. ஆனால் கடிகார நேரம், தேதி போல ஒரு கெடுவைச் சொன்னால் பை, கால அளவைச் சொன்னால் விதின். 'பை ஃபைவ் ஓ'க்ளாக்', 'விதின் ஃபைவ் டேஸ்'. 'ஐந்து மணி வரை இரு' என்றால் டில் அல்லது அன்டில். சின்ஸ், ஃபார் இரண்டும் இதே வகைதான். '2021 இலிருந்து இங்கே வேலை பார்க்கிறேன்' என்று தொடக்கத்தைச் சொன்னால் சின்ஸ், 'மூன்று வருடமாக' என்று அளவைச் சொன்னால் ஃபார். தொடங்கிய நேரமா, கெடுவா, அளவா என்று கேட்டுவிட்டு விடைகளைப் பார்த்தால் குழப்பமே வராது.

'ஆல்' பக்கத்துக்கு இரண்டு வரி போதும். செய்தவர் என்றால் பை, கருவி என்றால் வித். போலீஸால் பிடிக்கப்பட்டான், கத்தியால் வெட்டினான்.

அப்புறம், எந்தப் புதுச் சொல்லையும் தனியாக எழுதாதீர்கள். குற்றம் சாட்டுவதற்கு அக்யூஸ், சார்ஜ் என இரண்டு வினைகள் உண்டு. 'அக்யூஸ்டு ஆஃப் தெஃப்ட்', 'சார்ஜ்டு வித் தெஃப்ட்' என்று முழுத்தொடராகவே எழுதி, நாலு முறை வாய்விட்டுப் படியுங்கள். ஆங்கிலம் கற்பவர்களுக்கான இணைய அகராதிகளில் சொல்லுக்குப் பக்கத்திலேயே அதோடு வரும் ப்ரிபோசிஷனும் இருக்கும். பொருள் பார்க்கப் போகும்போது அதையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள்.

தேர்வில் கோடிட்ட இடம் வந்தால் கோட்டுக்கு முன்னால் இருக்கும் வினையையோ பெயரடையையோ முதலில் பாருங்கள், அதற்குப் பின்னால் வரும் பெயரை அடுத்ததாகப் பாருங்கள். சரியான விடைக்கு 2 மதிப்பெண், தவறுக்கு 0.50 கழியும். நாலில் இரண்டை நீக்க முடிந்தாலே துணிந்து குறிக்கலாம்.