உச்சந்தலை முதல் மோவாய் வரை

பிப்ரவரி 24, செவ்வாய்

மகளிர் தினச் சிறப்பிதழின் பக்கங்கள் என்னிடம் வந்துவிட்டன. 22 வருடமாகப் பக்க வடிவமைப்புதான் என் வேலை. படத்தை வெட்டுவது, நிறம் சரிசெய்வது, முகத்தில் இருப்பதைத் துடைப்பது எல்லாமே கைப்பழக்கம்.

இன்று ஒரு பாலப் பொறியாளரின் படம். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கண்ணோரம் சுருக்கம், கழுத்தில் இரண்டு மடிப்பு, வெயிலில் கறுத்த நெற்றி. செய்யச் சொல்லி யாரும் கேட்கவில்லை. என் கை தானாகப் போய் மடிப்பை அழித்தது, நெற்றியை வெளுப்பாக்கியது, இடுப்பைக் கொஞ்சம் உள்ளே தள்ளியது. நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. பக்கத்தை மூடும்போதுதான் உறைத்தது. அதே பக்கத்தில் அவரோடு வேலை பார்த்த ஆண் பொறியாளரின் படமும் இருக்கிறது. அவருடைய சுருக்கங்களை நான் தொடவே இல்லை. அவர் முகத்தில் அவை எனக்கு அனுபவமாகத் தெரிந்திருக்கின்றன.

இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது.

பிப்ரவரி 26, வியாழன்

படிக்கும் காலத்தில் கேள்விப்பட்ட ஓர் ஆய்வைத் தேடி எடுத்தேன். 1983-இல் டேன் ஆர்ச்சர் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் வெளியிட்டது. முறை மிக எளிது. படத்தில் உச்சந்தலையிலிருந்து மோவாய் வரை அளக்க வேண்டும். அதை, படத்தில் தெரியும் உருவத்தின் மொத்த உயரத்தால் வகுக்க வேண்டும். முகம் மட்டுமே இருந்தால் விடை 1. உடல் கூடக் கூட எண் குறையும். அமெரிக்கப் பத்திரிகைப் படங்களை இப்படி அளந்தபோது ஆண்களுக்குச் சராசரி 0.65, பெண்களுக்கு 0.45 வந்தது. வேறு நாடுகளின் இதழ்களிலும், பல நூற்றாண்டு ஓவியங்களிலும்கூட ஆணுக்கு முகம்தான் கூடுதலாக இருந்தது.

என்னை நிறுத்தி வைத்தது அடுத்த பகுதி. ஒரே ஆளின் படத்தை இரண்டு விதமாக வெட்டிக் காட்டியிருக்கிறார்கள். முகம் பெரிதாக இருந்த படத்தில் அந்த ஆள் கூடுதல் புத்திசாலியாகவும், சாதிக்கும் துடிப்புள்ளவராகவும் பார்ப்பவர்களுக்குத் தெரிந்திருக்கிறார். ஆள் ஒன்று, அறிவும் ஒன்று, வெட்டிய இடம்தான் வேறு.

அழகு என்றால் நிறமும் எடையும் என்றே இத்தனை நாள் யோசித்து வந்திருக்கிறேன். ஒருவரின் பேச்சுக்கு எவ்வளவு மதிப்பு என்பதைக்கூட நான் வெட்டும் கோடு தீர்மானிக்கிறது. ஸ்கேலை எடுத்துக்கொண்டு போன மாதப் பக்கங்களை அளக்கத் தொடங்கினேன். அமைச்சர், வங்கித் தலைவர், பயிற்சியாளர் என்று ஆண்கள் எல்லாரும் மார்போடு நிற்கிறார்கள். பெண்களில் விஞ்ஞானிகூடப் பாதம் வரை நிற்கிறார், கையைக் கட்டிக்கொண்டு, தலையைச் சற்றே சாய்த்து. எல்லாம் நான் வெட்டியவைதான். பாதிக்கு மேல் அளக்க மனம் வரவில்லை.

மார்ச் 1, ஞாயிறு

மகள் தோழிகளோடு வீடியோ அழைப்பில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். பின்னால் நின்று பார்த்தேன். நான்கு பெட்டிகள். இவள் கண் கணக்குத் தாளுக்கும், ஓரத்தில் இருந்த தன் பெட்டிக்கும் மாறி மாறிப் போனது. ஒரு வரி எழுதுவாள், முடியை ஒதுக்குவாள். இன்னொரு வரி, அப்புறம் மோவாயைத் தூக்கி வைத்துக்கொள்வாள்.

1998-இல் உளவியலாளர் பார்பரா ஃபிரெட்ரிக்சன் குழுவினர் செய்த சோதனை நினைவுக்கு வந்தது. கல்லூரி மாணவ மாணவியரைத் தனித்தனியாக ஓர் உடைமாற்றும் அறைக்குள் அனுப்பினார்கள். சிலருக்கு நீச்சலுடை, சிலருக்கு ஸ்வெட்டர். உள்ளே ஆளுயரக் கண்ணாடி, வேறு யாரும் இல்லை. அந்த உடையிலேயே ஒரு கணக்குத் தேர்வு. நீச்சலுடையில் இருந்த பெண்கள், ஸ்வெட்டர் அணிந்த பெண்களைவிடக் குறைவான மதிப்பெண் எடுத்தார்கள். ஆண்களிடம் அந்த வித்தியாசம் இல்லை. பார்க்க ஆளே இல்லாத அறையில் அந்தப் பெண்கள் தங்களைத் தாங்களே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கணக்குக்குப் போயிருக்க வேண்டிய கவனம் கண்ணாடிக்குப் போய்விட்டது.

இதைத்தான் நான் பெரிய களவு என்பேன். நாள் முழுக்க, வாழ்நாள் முழுக்க, கவனத்தில் ஒரு பங்கைத் தன் உருவத்தைக் காவல் காக்கவே கொடுப்பவளுக்கு மற்ற வேலைக்கு என்ன மிஞ்சும்?

பிஜியின் ஒரு வட்டாரத்துக்குத் தொலைக்காட்சி வந்தது 1995-இல். திரட்சியான உடலைப் போற்றிய சமூகம் அது. ஆன் பெக்கர் என்ற ஆய்வாளர் அந்த ஆண்டும் 1998-இலும் பள்ளி மாணவிகளிடம் ஒரே கேள்வித்தாளைக் கொடுத்தார். உண்ணும் பழக்கக் கோளாறுக்கான அறிகுறிகள் தெரிந்தவர்கள் 12.7 சதவீதத்திலிருந்து 29.2 ஆனார்கள். எடை குறைக்க வாந்தி எடுத்ததாக முதல் முறை ஒருவரும் சொல்லவில்லை. மூன்றே வருடத்தில் அது 11.3 சதவீதம். சிறிய ஆய்வுதான், ஆனால் இவள் வயதுப் பிள்ளைகள்.

“என்னம்மா பாக்குற?” என்றாள். “உன் பெட்டியை மறைச்சு வெச்சுப் பாரேன், கண்ணு” என்றேன். “அப்போ நான் எப்படி இருக்கேன்னு எனக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை.

மார்ச் 3, செவ்வாய்

திருத்திய விளம்பரப் படங்களில் ‘திருத்தப்பட்டது’ என்று போட வேண்டும் என பிரான்ஸில் 2017 முதல் விதி இருக்கிறது. நார்வேயிலும் 2022-இல் வந்தது. நல்ல எண்ணம்தான். ஆனால் அந்த ஒரு வரியைப் படித்த பெண்களுக்குத் தங்கள் உடல்மீது உள்ள மனக்குறை குறையவில்லை என்றே பல ஆய்வுகள் சொல்கின்றன. பொய் என்று தெரிந்த பிறகும் கண் ஒப்பிடுகிறது.

இதழாசிரியரிடம் போய், பொறியாளரின் அசல் படத்தையே தோள் வரை வெட்டிப் போடலாமா என்று கேட்டேன். யோசித்துவிட்டு, “அவங்ககிட்டயே ஒரு வார்த்தை கேட்டுடுங்க” என்றார்.

மார்ச் 5, வியாழன்

பொறியாளருடன் பேசினேன். இரண்டு படங்களையும் அனுப்பியிருந்தேன். திருத்தியதுதான் அவருக்குப் பிடித்திருந்தது.

நான் அளந்ததையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். “நீங்க சொல்றது சரிதான். ஆனா டெண்டர் கூட்டத்துல நான் சோர்வாத் தெரிஞ்சா, ‘மேடத்துக்கு உடம்பு முடியலையா’ன்னு கேப்பாங்க. பக்கத்துல இருக்கறவர்கிட்ட அப்படிக் கேக்க மாட்டாங்க. இருபத்தஞ்சு வருஷமா அந்தக் கேள்வி வராம பாத்துட்டு இருக்கேன்” என்றார்.

அவரிடம் கொள்கை பேச எனக்கு வாய் வரவில்லை. அந்தக் கூட்டத்தில் போய் உட்காரப்போவது நான் இல்லையே. கடைசியில், படத்தைத் தோள் வரை வெட்டலாம் என்றார். நெற்றியின் நிறம் அப்படியே இருக்கட்டும், பாலத்தில் நின்று வந்தது என்றார். கழுத்தை மட்டும் சரிசெய்யச் சொன்னார்.

மார்ச் 6, வெள்ளி

கழுத்து மடிப்பை எடுத்துவிட்டேன். கண்ணோரம் தொடவில்லை. பக்கத்திலிருந்த ஆணின் படத்தையும் அதே அளவில் வெட்டினேன். இருவருக்கும் 0.6. பக்கம் இரவு 11:40-க்கு அச்சுக்குப் போனது.