அந்தக் குழந்தை ஏன் சாகணும்?

ஹீரோ கால்ஷீட் கிடைக்காமல் போனதால்தான் எங்கள் விண்வெளிக் கதை ஹீரோயின் கதை ஆனது. இதில் பெண்ணியம் எதுவும் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தயாரிப்பாளர் கையில் ஒரு நடிகையின் தேதிகள் இருந்தன, டைரக்டர் சரி என்றார், ஆதவன் ஆதிரை ஆனாள். ஸ்கிரிப்ட் டைப் பண்ணுகிற அசிஸ்டென்ட் தம்பி பெயரை ஒரே அமுக்கில் மாற்றிவிட்டு, "வருகிறான், பார்க்கிறான்" எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தேடித் தேடி "வருகிறாள், பார்க்கிறாள்" ஆக்கிக்கொண்டிருந்தான். அதே வாரத்தில் நான் இன்டர்வெல்லுக்கு முன்னால் ஒரு ஃப்ளாஷ்பேக் எழுதினேன். ஆதிரைக்கு ஒரு மகள், ஐந்து வயது, காய்ச்சலில் இறந்துபோகிறாள். அதனால்தான் திரும்பி வர உத்தரவாதம் இல்லாத பயணத்துக்கு ஆதிரை தலையாட்டுகிறாள். யாரும் எழுதச் சொல்லவில்லை. படித்ததும் டைரக்டருக்குக் கண் கலங்கிவிட்டது, எனக்கும் சந்தோஷம்.

அடுத்த டிஸ்கஷனுக்குத் தம்பி இரண்டு ட்ராஃப்டையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்தான். புதிதாகச் சேர்ந்த இடங்களில் எல்லாம் பென்சில் கோடு. பழையதில் கமாண்டர், "ஏன் போகணும்னு நினைக்கிறீங்க?" என்று கேட்பார். ஆதவன், "சின்ன வயசுல இருந்து ஆசை சார்" என்பான். ஒரே வரி, அடுத்த சீன் ராக்கெட். அந்த வரியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டிருந்தான். புதியதில் அதே கேள்விக்குப் பதில் பக்கம் பக்கமாக ஓடுகிறது.

"அக்கா, ஆதவனுக்கு ஆசை போதும்னா ஆதிரைக்கு ஏன் பத்தலை? அந்தக் குழந்தை ஏன் சாகணும்?"

"ஒரு பொம்பளை அவ்வளவு தூரம் கிளம்பிப் போறான்னா, ஜனங்க ஏன்னு கேப்பாங்க தம்பி."

"ஆதவன் போனப்ப யாரும் கேக்கலையே?"

"உனக்குக் கல்யாணம் ஆகட்டும், அப்புறம் பேசுவோம்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், டீ வந்தது, பேச்சு இன்டர்வெல் பிளாக்குக்குப் போய்விட்டது.

நான் சொன்னதில் முதல் பாதிக்கு இன்றைக்கும் என்னால் வாதாட முடியும். என் வேலையே ஜனங்கள் எங்கே "ஏன்" என்று கேட்பார்கள் என்று முன்கூட்டியே கண்டுபிடித்து அங்கே ஒரு பதிலை வைப்பதுதான். நான் மட்டுமா செய்கிறேன்? 2013-ல் வந்த கிராவிட்டியில் சாண்ட்ரா புல்லக்கின் பாத்திரத்துக்கும் மகள் உண்டு, நான்கு வயதில் பள்ளியில் விளையாடும்போது விழுந்து தலையில் அடிபட்டு இறந்தவள். கதையில் அந்தப் பெண் ஒரு மருத்துவப் பொறியாளர், விண்வெளியில் தனியாக மாட்டிக்கொண்டவர், ஆக்சிஜன் தீர்ந்துகொண்டிருக்கிறது. பிழைக்க வேண்டும் என்று துடிப்பதற்கு இது போதாதா என்றால், படம் எடுத்தவர்களுக்குப் போதவில்லை. அவ்வளவு பெரிய ஆட்களுக்கே போதாதது எங்களுக்குப் போதுமா? இப்படி என்னைச் சமாதானம் செய்துகொண்டு இருந்தபோதுதான் தம்பியிடமிருந்து வாட்ஸப்பில் ஒரு நீள மெசேஜ் வந்தது, முழுக்க ஏலியன் படங்களைப் பற்றி.

1979-ல் வந்த முதல் படத்தின் மூலத் திரைக்கதையில், கப்பலில் இருக்கிற எந்தப் பாத்திரத்தையும் ஆணோ பெண்ணோ யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்று அதை எழுதிய டான் ஓ'பேனன் குறிப்பு எழுதியிருந்தார். அப்படித்தான் ரிப்ளி என்கிற முக்கியப் பாத்திரம் நடிகை சிகோர்னி வீவருக்குப் போனது. அந்தப் படத்தில் ரிப்ளிக்குப் பழைய கதை என்று எதுவும் இல்லை. முகத்தில் ஒரு ஜந்து ஒட்டிக்கொண்ட ஆளைக் கூட்டாளிகள் தூக்கிவந்து கப்பலுக்குள்ளே விடு என்று கேட்கும்போது, விதிப்படி முடியாது, கதவைத் திறக்க மாட்டேன் என்கிறாள். வேலை தெரிந்தவள், அவ்வளவுதான். 1986-ல் இரண்டாம் பாகம் எடுத்தபோது ஜேம்ஸ் கேமரூன் அவளுக்கு ஒரு மகளைக் கொடுத்தார். ரிப்ளி 57 வருடம் உறைதூக்கத்தில் மிதந்துவிட்டுத் திரும்புவதற்குள் அந்த மகள் கிழவியாகி 66 வயதில் இறந்திருப்பாள். அந்த மகள் என்று காட்டுகிற புகைப்படம்கூட வீவருடைய சொந்த அம்மாவின் படம். ஆனால் தியேட்டருக்கு வந்த பிரதியில் அந்தக் காட்சியை வெட்டிவிட்டார்கள். பிறகு வந்த நீண்ட பிரதியில்தான் மகள் திரும்பி வந்தாள். "மகளே இல்லாத படத்துக்குத்தான் அக்கா வீவர் ஆஸ்கருக்கு நாமினேட் ஆனாங்க, ஜனங்களுக்கு எதுவும் குறையலையே" என்று முடித்திருந்தான்.

நல்ல பாயின்ட்தான். ஆனால் அந்தப் படத்தில் காப்பாற்றுவதற்கு ஒரு சிறுமி இருக்கிறாள், தாய்மை அந்த வழியாக உள்ளே வந்துவிடுகிறது. இதைப் பதிலாக அனுப்பியும்விட்டேன். அனுப்பிய பிறகுதான் நான் யார் பக்கம் பேசுகிறேன் என்று எனக்கே குழப்பமாகிவிட்டது.

அவன் எழுதாத ஒரு படம் என்னை இதைவிட அதிகமாகத் தொந்தரவு செய்தது. அரைவல், 2016. முதல் சில நிமிடங்களில் ஒரு பெண் குழந்தை பிறக்கிறது, வளர்கிறது, நோயில் இறக்கிறது. அப்புறம் அம்மாவாக நடித்த ஏமி ஆடம்ஸ், மொழியியல் பேராசிரியை, தனியாக வகுப்புக்கு நடந்து போகிறார். பாவம், மகளை இழந்தவள், அதான் முகம் இப்படி இருக்கிறது என்று நாம் முடிவுகட்டிவிடுகிறோம். கடைசியில் பார்த்தால் அந்தக் குழந்தை இன்னும் பிறக்கவே இல்லை, பார்த்ததெல்லாம் இனி நடக்கப்போவது. அதாவது, வேற்றுக்கிரகத்தாரிடம் பேசப் போகும்போது அந்தப் பெண்ணுக்கு எந்த இழப்பும் இல்லை, வேலை தெரியும் என்று கூப்பிட்டார்கள், போனாள். துக்கத்தை நாம்தான் போட்டு நிரப்பிக்கொண்டோம். படத்தின் வித்தை முழுக்க நம்முடைய இந்தப் பழக்கத்தின் மேல்தான் நிற்கிறது. தியேட்டரில் நானும் நிரப்பினேன். ஜனங்கள் கேட்பார்கள் என்று நான் சொல்கிற அந்த ஜனத்தில் நானும் ஒருத்தி.

சினிமாவில் மட்டும்தான் இப்படி என்றும் சொல்ல முடியாது. 1983-ல் சாலி ரைடு, விண்வெளிக்குப் போகிற முதல் அமெரிக்கப் பெண், பத்திரிகையாளர்களைச் சந்தித்தபோது, வேலையில் ஏதாவது தப்பாகப் போனால் அழுவீர்களா என்று கேட்டார்கள். அவர் சிரித்துக்கொண்டே, இதையெல்லாம் ஏன் யாரும் ரிக்கிடம் கேட்பதில்லை என்றார். ரிக் அதே விண்கலத்தின் பைலட். தம்பி பிறப்பதற்கு எத்தனையோ வருடம் முன்பே தம்பியின் கேள்வியை ஒருவர் கேட்டாயிற்று.

சரி, ஆண்களுக்கு மட்டும் சும்மா விட்டுவிடுகிறார்களா என்றால் அதுவும் இல்லை. இன்டர்ஸ்டெல்லாரில் கூப்பருக்கு மனைவி இறந்திருக்கிறாள், மகளுக்காக உருகுகிறான். ஆனால் அதே படத்தில், எந்தக் கிரகத்துக்குப் போவது என்று முடிவெடுக்கிற நேரத்தில் காதலைப் பற்றி நீளமாகப் பேசுவதற்கு விஞ்ஞானிகளில் பெண்ணைத்தான் நிறுத்தினார்கள். தி மார்ஷியன் நாயகன் மார்க் வாட்னிக்கோ மனைவி இல்லை, பிள்ளை இல்லை. உருளைக்கிழங்கு பயிரிடுகிறான், ஜோக் அடிக்கிறான், பிழைக்கிறான். நம் ஊரிலோ இந்தக் கேள்வி எழுவதற்கே இடமில்லை. எந்திரனில் மருத்துவ மாணவிக்குப் பரீட்சையில் காப்பியடிக்க ரோபோ உதவும், 2.0-வில் ஹீரோயினே ரோபோ.

நான் சொன்னதில் இரண்டாவது பாதிக்கு வருகிறேன், "உனக்குக் கல்யாணம் ஆகட்டும்". அவன் வாயை அடைப்பதற்காகச் சொன்னது என்று தோன்றலாம். இல்லை, அனுபவத்தில் சொன்னதுதான். என் பையனைத் திருச்சியில் அம்மாவிடம் விட்டுவிட்டு நான் இந்த வேலைக்கு வந்தபோது கேட்காத ஆள் இல்லை. வாடகைக்கு வீடு கொடுத்த அம்மாவில் ஆரம்பித்து முதல் கம்பெனியின் மேனேஜர் வரைக்கும் எல்லோரிடமும் "வீட்டுல கஷ்டம்" என்றுதான் சொன்னேன். கஷ்டம் கொஞ்சம் இருந்தது, ஆனால் அதற்காக வரவில்லை, எழுதணும் என்று ஆசை, வந்தேன். ஆசை என்றால் திமிர் என்பார்கள், கஷ்டம் என்றால் பாவம் என்று விட்டுவிடுவார்கள். அதனால்தான் ஆதிரைக்கும் ஒரு கஷ்டத்தைக் கையில் கொடுத்து அனுப்பினேன் போல. இது அவளுக்குப் பாதுகாப்பா, இல்லை நான் என் பொய்யையே அவளுக்கும் கற்றுக்கொடுத்தேனா என்று யோசித்தால் ஒரு நாள் அப்படித் தெரிகிறது, ஒரு நாள் இப்படித் தெரிகிறது.

நடுவில் ஒரு யோசனையும் சொன்னேன். குழந்தை சாக வேண்டாம், பாட்டியிடம் வளர்கிறது, அம்மா போன் பண்ணினால் எடுக்க மாட்டேன் என்கிறது. தம்பி கேட்டுவிட்டு, "அப்போ அவங்க குற்ற உணர்ச்சியோட போகணுமா அக்கா?" என்றான். போடா என்று சொல்லிவிட்டேன்.

அப்புறம் நடிகைக்கு நரேஷன். ஃப்ளாஷ்பேக் வந்த இடத்தில்தான் சாய்ந்து உட்கார்ந்திருந்தவர் நிமிர்ந்தார். முடிந்ததும், "இது இருக்கிறதாலதான் நான் பண்றேன். இது இல்லைன்னா படம் பூரா பட்டன் அமுக்கிட்டு இருக்கிறதைத் தவிர எனக்கு என்ன வேலை?" என்றார். டைரக்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார். ஜெயித்த மாதிரிதான் இருந்தது.

ஆனால் ஆதவனும் பட்டன்தானே அமுக்கினான், அவன் வெர்ஷனை இதே டைரக்டர் ஏன் போர் என்று சொல்லவில்லை? வீட்டுக்கு வந்து பழைய ட்ராஃப்டை எடுத்தேன். ஆதவன் கம்ப்யூட்டரோடு சண்டை போடுகிறான், கமாண்டரைக் கிண்டல் செய்கிறான், விண்வெளியில் ரசம் வைக்கப் பார்க்கிறான், மாட்டிக்கொண்டு சமாளிக்கிறான். ஆதிரைக்கு மாற்றியபோது, பொண்ணு இவ்வளவு பேசினால் வாயாடி மாதிரி இருக்கும் என்று ஒவ்வொன்றாகத் தூக்கிவிட்டோம். யார் முதலில் சொன்னது என்று ஞாபகம் இல்லை, நானாகவும் இருக்கலாம். அந்தக் காலியிடத்தில்தான் குழந்தையின் சாவு வந்து உட்கார்ந்திருக்கிறது. தம்பியும் இதைக் கவனிக்கவில்லை, சேர்த்ததற்கெல்லாம் கோடு போட்டவன் எடுத்ததற்குப் போடவில்லை. அட்வான்ஸ் கைமாறிவிட்டது, இனி ஃப்ளாஷ்பேக்கில் யாரும் கைவைக்கப் போவதில்லை. ரசம் சீனையாவது திரும்பச் சேர்க்கலாமா என்று டைரக்டரிடம் கேட்டிருக்கிறேன். குழந்தை செத்த அம்மா ஜோக் அடித்தால் ஜனங்கள் ஏற்றுக்கொள்வார்களா என்று யோசிக்கிறார்.