நிறுத்தாத மைக்

சினிமாவைப் பற்றிய ஆவணப்படங்களுக்கு எட்டு ஆண்டுகளாகப் படத்தொகுப்பு செய்து வருகிறேன். லைட்மேன்கள், சண்டைக் கலைஞர்கள், குரூப் டான்ஸர்கள் என்று டைட்டிலில் பெயர் வராமலே போனவர்களின் கதைகள்தான் பெரும்பாலும் என் மேசைக்கு வரும். அப்படி வந்த ஒரு பேட்டியில் நான் செய்த தவறு இன்னும் உறுத்துகிறது.

பேசியவர் எழுபதைத் தாண்டிய முன்னாள் குரூப் டான்ஸர். ஒலிப்பதிவுக்காக நிறுத்தி வைத்திருந்த மின்விசிறியை, இயக்குநர் 'கட்' சொன்னதும் யாரோ போட்டிருக்கிறார்கள். கேமரா நின்றுவிட்டது. ஆனால் புடவைத் தலைப்பில் குத்தியிருந்த காலர் மைக்கையும் ஒலிப்பதிவுக் கருவியையும் நிறுத்த எவருக்கும் தோன்றவில்லை. மின்விசிறியின் இரைச்சலுக்கு நடுவே, தன் பதினேழாவது வயதில் ஒருவர் வாய்ப்புக்கு விலையாக என்ன கேட்டார் என்பதை, அவருடைய பெயரோடு, அந்த அம்மா நான்கு நிமிடம் சொல்கிறார். கடைசியில், "இது வேண்டாம் தம்பி, பேரனுக்குப் பொண்ணு பாத்துட்டிருக்கோம்" என்கிறார்.

படமில்லாத வெறும் ஒலிக்கோப்பாக அது வந்தபோது, அழித்துவிடாமல், சிவப்பு மார்க்கர் வைத்து, தேர்ந்தெடுத்த துண்டுகளோடு டைம்லைனில் போட்டு வைத்தேன். பயன்படுத்தும் எண்ணம் இல்லை என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயன்படுத்த எண்ணாதவன் மார்க்கர் ஏன் வைத்தான் என்ற கேள்விக்கு இன்றும் என்னிடம் பதில் இல்லை. மறுநாள் தயாரிப்பாளர் அதைக் கேட்டுவிட்டு, கறுப்புத் திரையின் மேல் அந்தக் குரலை மட்டும் ஓடவிட்டு டிரெய்லரைத் தொடங்கலாம் என்றார். நான் தயங்கியதும் ஒப்புதல் படிவத்தைக் காட்டினார். ஆங்கிலத்தில் இரண்டு பக்கம், 'எல்லாப் பதிவுகளும்' என்ற பொருளில் ஒரு வரி, அதன் கீழே தமிழில் கோணலாக ஒரு கையெழுத்து.

2024 நவம்பரில் நயன்தாரா பற்றிய நெட்ஃபிளிக்ஸ் ஆவணப்படத்தை ஒட்டி, 'நானும் ரௌடிதான்' படம் தொடர்பான மூன்று விநாடிக் காட்சிக்கு, அந்தப் படத்தின் தயாரிப்பாளரான தனுஷ் தரப்பு பத்துக் கோடி ரூபாய் இழப்பீடு கேட்டபோது, கோடம்பாக்கத்து டீக்கடைகளில்கூடப் பதிப்புரிமைதான் பேச்சு. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் திரைப்படத்தைப் பொறுத்தவரை தயாரிப்பாளரையே அதன் ஆக்கியோனாகக் கொள்வதால், காட்சிக்கு உரிமையாளர் உண்டு, அவருக்கு வழக்கறிஞரும் உண்டு. வாழ்க்கையை நமக்குச் சொன்னவருக்கோ அந்தப் பதிவின் மேல் ஒரு விநாடிகூடச் சொந்தமில்லை. மூன்று விநாடிக்கு அவ்வளவு பெரிய சண்டை நடந்தது. நான்கு நிமிடத்தைப் பற்றி எங்கள் அறைக்கு வெளியே யாருக்கும் தெரியவே தெரியாது.

அப்போது எனக்கு நினைவுக்கு வந்தது, மலையாளத் திரையுலகில் பெண்கள் சந்திக்கும் பிரச்சினைகளை விசாரித்த கேரளத்தின் ஹேமா கமிட்டி அறிக்கைதான். 2019 இறுதியில் அரசிடம் தரப்பட்ட அது 2024 ஆகஸ்டில்தான் வெளியானது; அப்போதும் தனிநபர்களை அடையாளம் காட்டக்கூடிய பகுதிகளை நீக்கியே வெளியிட்டார்கள். அந்தத் தாமதத்தைக் குறை சொன்னவர்களில் நானும் ஒருவன். தாமதத்தை இப்போதும் நியாயப்படுத்த மாட்டேன்; ஆனால், நம்பிச் சொன்னவரின் அடையாளத்தை என்ன செய்வது என்ற கேள்வியாவது அங்கே இருந்தது. எங்கள் அறையில் அன்று மாலை நான்கு மணிக்குள் டிரெய்லர் போக வேண்டும் என்பது மட்டுமே இருந்தது.

அந்த அம்மாவுக்கு போன் செய்து கேட்டுவிடலாம் என்றேன். கேட்டால் மறுத்துவிடுவார் என்றார் தயாரிப்பாளர். மறுப்பார் என்று தெரிந்திருந்ததால்தான் நானும் முதலிலேயே கேட்காமல் இருந்தேன் என்பது அந்தப் பதிலில் எனக்கு உறைத்தது. குரல் டிரெய்லரில் ஏறியது. பிறகு சட்ட ஆலோசகர் பார்த்துவிட்டு, பெயர் சொல்லப்பட்டவர் உயிரோடு இருப்பதால் அவதூறு வழக்கு வரலாம் என்று அதை நீக்கச் சொன்னார். ஆக, யாருக்கு எதிராக அந்த அம்மா பேசினாரோ, அவருக்குப் பயந்துதான் அந்த அம்மாவின் ரகசியம் காப்பாற்றப்பட்டது. எடிட்டரின் மனசாட்சிக்கு அதில் பங்கில்லை.

படம் வெளியாவதற்கு ஒரு வாரம் முன்பு அந்த அம்மாவே போன் செய்தார். "அத எடுத்துட்டீங்கல்ல தம்பி?" என்றார். எங்கள் தொழிலில் 'எடுப்பது' என்றால் பதிவு செய்வதும் அதுதான், நீக்குவதும் அதுதான். "படத்துல இல்லம்மா" என்றேன். ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறதா என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.