தபால் நிலையத்திலிருந்து ஒரு ஹெலிகாப்டர்

என் மேசையில் ஒரு பழைய ஆப்பிள் டூ கணினி இருக்கிறது. அதில் நான் ஆடுவது பெரும்பாலும் ஒரே விளையாட்டுதான், சாப்லிஃப்டர். டான் கோர்லின் எழுதி, 1982-இல் பிராடர்பண்ட் நிறுவனம் வெளியிட்ட ஹெலிகாப்டர் சண்டை. 48 கேபி நினைவகத்துக்குள் மொத்தச் சண்டையும் அடங்கிவிடும். இன்றைக்கு உறவினர்கள் அனுப்பும் ஒரு குட்மார்னிங் படமே அதைவிடப் பெரிது.

கதை இதுதான். பங்லிங் பேரரசு என்ற கற்பனை நாடு 64 பேரைச் சிறைப்பிடித்து வைத்திருக்கிறது. அவர்கள் ராணுவத்தாரோ ஒற்றர்களோ இல்லை. அமைதியும் குழந்தை வளர்ப்பும் பற்றிப் பேச ஐ.நா. மாநாட்டுக்கு வந்தவர்கள். கையேட்டிலேயே அப்படித்தான் போட்டிருக்கிறது. மீட்கப் போகும் ஹெலிகாப்டரோ, தபால் பிரிக்கும் இயந்திரம் என்று பொய் சொல்லிப் பாகம் பாகமாக உள்ளே கடத்தி வந்தது. அதனால் நம்முடைய போர்த்தளம் ஒரு தபால் நிலையம். உட்கார்ந்து யோசித்துத்தான் எழுதியிருக்கிறார்கள்.

இந்தக் கதையைக் கேட்ட நாளிலிருந்து, நான் ஆட உட்கார்ந்தால் அம்மாவும் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுகிறாள்.

முதலில் பிளாப்பி டிரைவ், அதாவது விளையாட்டு இருக்கும் வட்டைப் படிக்கும் பெட்டி. சுவிட்சைப் போட்டதும் 'டர்ர்ர்ர்' என்று ஒரு சத்தம் வரும். படிக்கும் முனை எந்த இடத்தில் நிற்கிறது என்று அந்த டிரைவுக்குத் தெரியாது. அதனால் ஓரத்தில் போய் முட்டும்வரை பின்னால் நகர்த்தி, முட்டிய பிறகும் விடாமல் இடித்து, "சரி, இதுதான் ஆரம்பம்" என்று முடிவு செய்துகொள்ளும். அப்படித்தான் அதை வடிவமைத்திருக்கிறார்கள். "மிக்ஸியில ஸ்பூன் மாட்டிக்கிச்சா?" என்றாள் அம்மா, முதல் நாள்.

அடுத்தது ஜாய்ஸ்டிக். கைப்பிடி எவ்வளவு சாய்ந்தது என்று கணினிக்குச் சொல்ல உள்ளே இருக்கும் இரண்டு பொட்டன்ஷியோமீட்டர்களும் தேய்ந்து தூசி படிந்தவை. கையை எடுத்தாலும் ஹெலிகாப்டர் காற்றில் நடுங்கிக்கொண்டே நிற்கும். "ஓட்டுறவன் குடிச்சிருக்கானாடா?" ஓட்டுவது நான்தான் என்பதை நினைவுபடுத்தினேன். அவள் கேள்வியை மாற்றிக்கொள்ளவில்லை. ஸ்ப்ரே அடித்து நன்றாகத் துடைத்த பிறகு நடுக்கம் பாதிக்கு வந்தது.

ஆட்டத்தில் புள்ளிகளே கிடையாது. டாங்கியை நொறுக்கினாலும் ஒன்றும் ஏறாது. திரையின் மேலே மூன்று எண்கள் மட்டும்: இறந்தவர்கள், உள்ளே ஏறியவர்கள், காப்பாற்றப்பட்டவர்கள். ஒரு தடவைக்கு 16 பேர்தான் ஏற முடியும். முதல் சுற்றில் டாங்கிகளோடு சமாளித்துவிடலாம். ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பினால் ஜெட் விமானங்களும் சேர்ந்துகொள்ளும். அதையெல்லாம் பழகிக்கொள்ளலாம். பழகவே முடியாதது தரையிறங்குவது. கட்டடத்தை உடைத்ததும் உள்ளே இருப்பவர்கள் கையை ஆட்டிக்கொண்டு நேராக நம் அடியிலேயே ஓடி வருவார்கள். கொஞ்சம் அவசரப்பட்டு இறக்கினால், காப்பாற்ற வந்தவனே ஆளை நசுக்கிவிடுவான்.

இதனால் என் வீட்டில் சண்டையே நடப்பதில்லை, ஆள் எண்ணிக்கைதான் நடக்கிறது. "இரு, இடது பக்கம் இன்னொருத்தன் வரான்." டாங்கி சுடுகிறது என்றால், "அவன் சுடட்டும், நீ நில்லு." ஒருவன் கால் வைக்கப்போகும் நேரத்தில் நான் பயந்து மேலே தூக்கிவிட்டால் போதும். ஓடுகிற பேருந்தில் ஏற விடாத கண்டக்டருக்குக் கிடைக்கும் அத்தனை வசவும் எனக்குக் கிடைக்கும். ஒருநாள் ஒருவன் மேல் இறக்கிவிட்டேன். எண் ஒன்று ஏறியது. அம்மா எழுந்து போய் விளக்கைப் போட்டுவிட்டு வந்து, "அவனுக்கும் வீட்டுல குழந்தை இருக்கும்ல, வளர்க்கத் தெரிஞ்சவன் வேற" என்றாள். அதற்கு மேல் யாருக்குச் சுட மனம் வரும்?

அப்புறம்தான் புகை வந்த கதை.

அன்று கை நன்றாக ஓடியது. ஹெலிகாப்டர் நிரம்பிவிட்டது, 16 பேரும் உள்ளே. ஜெட் ஒன்று துரத்த, தபால் நிலையத்தை நோக்கித் தலையைக் கவிழ்த்துப் பறந்துகொண்டிருக்கிறேன். ஜெட் சுட்ட அதே நொடியில் கணினிக்குள் 'டப்' என்று ஒரு சத்தம். பின்பக்கத்திலிருந்து வெண்புகை, கூடவே மூக்கைத் துளைக்கும் கருகல் நாற்றம்.

"ஐயோ, நெஜமாவே சுட்டுட்டான்!" என்று அம்மா எழுந்தே நின்றுவிட்டாள்.

சுட்டது யாருமில்லை, கெப்பாசிட்டர் என்ற ஒரு சின்ன மின் பாகம். அந்தக் காலத்துக் கருவிகள் பலவற்றில் மின் இரைச்சலை வடிகட்ட, மின்சாரம் நுழையும் இடத்தில் காகிதச் சுருள் கெப்பாசிட்டர் ஒன்றை வைப்பார்கள். வயதாக ஆக மேலுறையில் விரிசல் விழும், ஈரம் உள்ளே போகும், என்றாவது ஒருநாள் வெடிக்கும். வேடிக்கை என்னவென்றால், அது செத்தாலும் கணினி பெரும்பாலும் ஓடிக்கொண்டேதான் இருக்கும். அன்றும் ஓடியது. புகைக்கு நடுவே ஹெலிகாப்டர் பறந்துகொண்டிருந்தது.

நான் பிளக்கைப் பிடுங்கக் கையை நீட்டினேன்.

"டேய், ஏறினவங்களை எறக்கி விட்டுட்டு ஆஃப் பண்ணுடா!"

ஆட்டத்தைச் சேமித்து வைக்கும் வசதியெல்லாம் இதில் கிடையாது. பிளக்கைப் பிடுங்கினேன். திரை இருண்டது. ஜன்னல்களைத் திறந்து வைத்து நாற்றம் போகும்வரை அம்மா என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அதன் பிறகும் பேசியது, "பதினாறு பேருடா" என்று மட்டும்தான்.

புதுக் கெப்பாசிட்டரை ஈயத்தால் பற்றவைத்து மறுபடி ஓட வைத்தேன். இந்த முறை ஜாய்ஸ்டிக்கை அம்மா என்னிடம் தரவில்லை. "உனக்குப் பொறுமை கிடையாது, நகரு." பார்த்துப் பார்த்துப் பறந்தாள், ஒரு டாங்கியையும் சீண்டவில்லை, எரிந்துகொண்டிருந்த கட்டடத்தின் பக்கத்தில் மெதுவாக, மிக மெதுவாக இறக்கினாள். நேராக ஒருவன் தலைமேல்.

நான் வாயே திறக்கவில்லை. அம்மா திரையை முறைத்தாள்.

"ஹெலிகாப்டர் எறங்குறது கண்ணு தெரியலையா அவனுக்கு?"