கோவளத்திலிருந்து குளிர்கடலுக்கு

கயாக் என்கிற ஒடுக்கமான துடுப்புப் படகை ஓட்டக் கற்றுக்கொள்ள எங்களிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் சீக்கிரமே வெளிநாட்டுக்குக் கிளம்பப் போகிறவர்கள். ஓ.எம்.ஆரில் வேலை பார்த்துக்கொண்டிருப்பார்கள், வான்கூவருக்கோ எடின்பரோவுக்கோ மாற்றல் வந்திருக்கும், இல்லாவிட்டால் நார்வேயில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கும். போகிற ஊரில் கடல் பக்கத்திலேயே இருக்கிறது, அங்கே வயதானவர்கள்கூட கயாக் ஓட்டுகிறார்களாம், அதனால் கிளம்புவதற்குள் இங்கேயே பழகிவிடலாம் என்று சனி ஞாயிறுகளில் ஈ.சி.ஆர். வழியாக வந்து இறங்குவார்கள். முட்டுக்காடு பேக்வாட்டரில் துடுப்புப் பிடிக்கப் பழக்கி, அப்புறம் கோவளம் கரையில் அலை உடையும் இடத்தைத் தாண்டி வெளியே கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவருவது என் வேலை.

சென்னைக் கடல் நல்ல வாத்தியார். வருடம் முழுக்க தண்ணீர் ஏறக்குறைய 26 டிகிரியிலிருந்து 30 டிகிரிக்குள் இருக்கும். கவிழ்ந்தால் சிரித்துக்கொண்டே மேலே வருவார்கள், உடனே இன்னொரு தரம் கவிழ்க்கச் சொல்வார்கள். படகோடு தலைகீழாகி, இடுப்பை வெட்டித் துடுப்பால் நிமிர்கிற ரோல் பழகுவதற்கு இதைவிடத் தோதான தண்ணீர் கிடையாது. பயமில்லாமல், உடம்பு நடுங்காமல், காலை முழுக்கத் திரும்பத் திரும்பச் செய்யலாம். ஆனால் இதே கடல்தான் அவர்களுக்கு ஒரு தவறான பாடத்தையும் சொல்லிக்கொடுத்து அனுப்புகிறது: தண்ணீரில் விழுந்த பிறகும் யோசிக்க நேரம் இருக்கும் என்ற பாடம். அதை அவர்கள் விமானம் ஏறுவதற்குள் மாற்றி அனுப்புவதை என் வேலையின் மிக முக்கியமான பகுதியாக நினைக்கிறேன்.

வட வேல்ஸில் ஆங்கிள்ஸி என்று ஒரு தீவு. கடல் கயாக் உலகத்தில் பெயர் பெற்ற இடம். ஒரு பருவம் அங்கே உதவிப் பயிற்றுநராக வேலை செய்தேன். நான் போய்ச் சேர்ந்தது ஏப்ரல் மாதம். நல்ல வெயில், கார் நிறுத்தும் இடத்தில் ஆட்கள் டி-ஷர்ட்டோடு ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கடலோ 9 டிகிரி. அந்த ஊர்க் கடல் மிகவும் குளிர்ந்து கிடப்பது பிப்ரவரி, மார்ச்சில்தான், அப்புறம் மெதுவாகத்தான் சூடேறும், காற்று மட்டும் முந்திக்கொண்டு கோடைக்கு வந்துவிடும். நம் ஊரில் வெயிலும் தண்ணீரும் ஒரே சேதியைச் சொல்லும். அங்கே வெயில் ஒன்றைச் சொல்லும், தண்ணீர் வேறொன்றைச் சொல்லும், தண்ணீர் சொல்வதை மட்டும்தான் கேட்க வேண்டும்.

அங்கே வேலைக்குச் சேர்ந்ததும் எங்களுக்குக் கொடுத்த முதல் பயிற்சியே, முழு உடுப்போடு இடுப்பளவு தண்ணீரில் நின்று, இருபுறமும் ஆள் இருக்க, முகத்தை உள்ளே விடுவது. கோவளத்தில் வளர்ந்தவன் நான், அப்பா கட்டுமரத்தில் போனவர், தண்ணீருக்குள் மூச்சடக்குவது எனக்குச் சின்ன வயது விளையாட்டு. முகம் தண்ணீரில் பட்டதும் நெஞ்சு தானாகவே விரிந்து மூச்சை இழுக்கப் பார்த்தது. நான் இழுக்கவில்லை, உடம்பு இழுத்தது. தலையை வெளியே எடுத்த பிறகும் மூச்சு என் பேச்சைக் கேட்காமல் நாய்க்கு வாங்குவதுபோல் வாங்கியது. தண்ணீர் உள்ளே புகாத ட்ரை சூட் உடுப்புக்குள் உடம்பு கதகதப்பாக இருந்தபோதே இப்படி என்றால், சட்டையும் அரைக்கால் டவுசருமாக விழுகிறவனுக்கு என்ன ஆகும்?

கனடாவில் மானிடோபா பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ட் குளிர்நீர் பற்றிப் பல வருடம் ஆராய்ந்தவர். தன் உடம்பையே பனித்தண்ணீரில் இறக்கிப் பார்த்தவர். அவர் பிரபலப்படுத்திய கணக்கு 1-10-1. மிகக் குளிர்ந்த தண்ணீரில் விழுந்தால் மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர 1 நிமிடம், கை கால் சொன்னபடி கேட்க ஏறத்தாழ 10 நிமிடம், உடம்பின் உள்வெப்பம் குறைந்து நினைவு தப்ப ஏறத்தாழ 1 மணி நேரம். குளிர்ந்த கடலில் விழுந்தால் ‘விறைத்துச் சாவார்கள்’ என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அந்தக் கடைசி கட்டத்துக்கு வந்து சேருவதற்கு முன்பே, முதல் நிமிடத்தில் தண்ணீரை மூச்சோடு உள்ளே இழுத்தோ, இதயத் துடிப்பு தாறுமாறாகியோ, பத்தாவது நிமிடத்தில் கை ஓய்ந்தோ போய்விடுகிறவர்கள் நிறைய. இங்கிலாந்தில் போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகத்தின் மைக் டிப்டன் இதைத்தான் வாழ்நாள் முழுக்கச் சொல்லிவருகிறார். 1977-இல் பிரிட்டன் உள்துறை வெளியிட்ட அறிக்கையின்படி, அங்கே திறந்த நீர்நிலைகளில் மூழ்கி இறந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பத்திரமான இடத்துக்கு 3 மீட்டருக்குள்தான் இருந்திருக்கிறார்கள். அவர்களில் பலர் நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள். ‘எனக்கு நீச்சல் தெரியும் மாஸ்டர், லைஃப் ஜாக்கெட் தொந்தரவா இருக்கு’ என்று சொல்கிறவர்களிடம் நான் வேறு எதையும் பேசுவதில்லை, இந்த 3 மீட்டரைத்தான் சொல்வேன்.

கயாக்காரனுக்கு இதில் கூடுதல் ஆபத்து ஒன்று உண்டு. சும்மா விழுகிறவனுக்குத் தலை வெளியே வர வழி இருக்கிறது. கயாக் கவிழ்ந்தால் தலைகீழாகத் தொங்குகிறோம், படகுக்குள் தண்ணீர் வராமல் மூடுகிற ஸ்ப்ரே ஸ்கர்ட் இடுப்பைச் சுற்றிப் படகின் விளிம்போடு பூட்டியிருக்கிறது. முன்னால் குனிந்து, அதன் வாரைத் தடவிப் பிடித்து, முன்னே தள்ளி இழுத்துக் கழற்றி வெளியே வர வேண்டும். முட்டுக்காட்டில் முப்பது விநாடி மூச்சடக்கி நிதானமாக இதைச் செய்கிறவர்களுக்கு, 9 டிகிரி தண்ணீரில் சில விநாடிக்கு மேல் மூச்சு நிற்காது. அதனால் கரையிலேயே கண்ணை மூடிக்கொண்டு, கையுறையோடு, இடது கையால் ஒரு தரம் வலது கையால் ஒரு தரம் வாரைத் தேடிப் பிடிக்கச் சொல்கிறேன். கிளம்பும்போது வார் ஸ்கர்ட்டுக்கு அடியில் மடங்கி மாட்டிக்கொள்ளாமல் வெளியே கிடக்கிறதா என்று பக்கத்துப் படகுக்காரர் தொட்டுப் பார்க்க வேண்டும். தானே பார்த்துக்கொள்வது போதாது.

கை ஓய்வது என்றால் என்ன என்று சொல்லிப் புரியவைக்க முடியாது. அதனால் மீன் ஏலம் விடும் இடத்துக்கு வருகிற ஐஸ் வண்டியில் அரை பார் ஐஸ் வாங்கிவருவோம். சாக்கில் போட்டுக் கட்டையால் உடைத்து, மீன் வைக்கிற தெர்மோகோல் பெட்டியில் கொட்டி, கடல் தண்ணீரை ஊற்றி, தெர்மாமீட்டரை விட்டு 8 டிகிரிக்கு வரும்வரை கலக்குவோம். கைகளை மட்டும்தான் முழங்கை வரைக்கும் விட வேண்டும். முழு உடம்பையும் ஐஸ் தண்ணீரில் இறக்குகிற வேலையை நான் செய்வதில்லை, இதயக் கோளாறோ இரத்த அழுத்தமோ இருக்கிறவர்களையும், குளிரில் விரல் வெளுத்துப்போகிறவர்களையும் இந்தப் பயிற்சிக்கே சேர்ப்பதில்லை. முதல் நிமிடம் வலிக்கும், கை சிவக்கும். அப்புறம் வலி மங்கும்போது சந்தோஷப்படுவார்கள். நான்கைந்து நிமிடத்தில் கையை எடுக்கச் சொல்லி, லைஃப் ஜாக்கெட்டின் கொக்கியைப் பூட்டுங்கள், வி.எச்.எஃப். ரேடியோவில் கடலில் உதவி கேட்கிற 16-ஆம் சேனலுக்கு மாற்றுங்கள், விசிலை எடுத்து ஊதுங்கள் என்பேன். கட்டைவிரலும் சுண்டுவிரலும் ஒன்றையொன்று தொடவே தொடாது. கொக்கி இரண்டும் நேருக்கு நேர் இருக்கும், கண் பார்க்கும், விரல் போகாது. லேப்டாப்பில் நாள் முழுக்க விரல் ஓட்டுகிறவர்கள் தங்கள் கையையே அந்நியமாகப் பார்ப்பார்கள். வெளியே 34 டிகிரி வெயில். பேச்சே இருக்காது.

அந்த நிமிடத்தில்தான் நான் உடுப்பைப் பற்றிப் பேச ஆரம்பிப்பது, ஏனென்றால் அப்போதுதான் காதில் ஏறும். தண்ணீர் 15 டிகிரிக்குக் கீழே இருந்தால் குளிர்நீர் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். பிரிட்டன், அயர்லாந்துக் கடல்களின் வருடச் சராசரியே 12 டிகிரிதான். அந்தத் தண்ணீருக்கு ட்ரை சூட், குறைந்தபட்சம் உடம்போடு ஒட்டிக்கிடக்கும் தடித்த ரப்பர் உடுப்பான வெட் சூட். ட்ரை சூட் தண்ணீரை மட்டும்தான் தடுக்கும், சூடு கொடுப்பது உள்ளே போடுகிற கம்பளி அல்லது ஃப்ளீஸ். நம் ஆட்கள் பழக்கத்தில் உள்ளே காட்டன் பனியன் போட்டுவிடுவார்கள். வியர்வையில் நனைந்தால் அதுவே குளிரைப் பிடித்துவைத்துக்கொள்ளும், வேண்டாம். எங்களிடம் இருக்கும் ஒரே ட்ரை சூட்டை வெயில் ஏறுவதற்குள் விடியற்காலையில் ஒவ்வொருவருக்கும் போட்டுக் காட்டுவேன். கழுத்திலும் மணிக்கட்டிலும் இருக்கிற ரப்பர் பட்டைக்குப் பவுடர் தடவி மெதுவாக நுழைக்க வேண்டும், ஜிப்பின் கடைசி அரை அங்குலம் வரை மூடியிருக்கிறதா என்று இன்னொருவர் பார்க்க வேண்டும். அப்புறம் குந்தி உட்கார்ந்து, கழுத்துப் பட்டையை விரலால் லேசாக விலக்கி உள்ளே இருக்கிற காற்றை வெளியேற்ற வேண்டும். காற்றோடு போனால் தண்ணீரில் கால் மேலே தூக்கிக்கொண்டு தடுமாற வைக்கும்.

உடம்பைப் பழக்கவும் முடியும். 2, 3 நிமிடக் குளிர்நீர் முழுக்கு ஐந்தாறு தரம் போட்டாலே முதல் அதிர்ச்சி ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது என்பது ஆய்வில் தெரிந்த விஷயம். அதை இங்கே செய்ய முடியாது. போன ஊரில் ஒரு கிளப்பில் சேர்ந்து, கரையோரம், ஆள் துணையோடு செய்யுங்கள் என்று சொல்லி அனுப்புகிறேன்.

ரோல் தெரிந்தால் போதுமா என்று எல்லோரும் கேட்பார்கள். ரோல்தான் முதல் வழி, ஏனென்றால் தண்ணீரில் இருக்கிற நேரம் சில விநாடியோடு முடிந்துவிடும். ஆனால் அது தவறும், தவறினால் அடுத்தது என்ன என்பதுதான் முக்கியம். துணைப் படகுக்காரர் கவிழ்ந்த கயாக்கின் மூக்கைத் தன் மடியில் இழுத்துப் போட்டுத் தண்ணீரை வடித்து, நிமிர்த்திப் பிடித்துக்கொள்ள, விழுந்தவர் பின்பக்கமாக ஏறி உள்ளே நுழைவது டி-ரெஸ்க்யூ. பழகிய இருவர் ஒன்றிரண்டு நிமிடத்தில் முடித்துவிடுவார்கள், பழகாதவர்கள் அந்தப் பத்து நிமிடத்தையும் தின்றுவிடுவார்கள். அதனால் கடிகாரம் வைத்துத்தான் பழக்குகிறேன். தனியாகப் போகிறவர் துடுப்பின் நுனியில் காற்றடைத்த பேடில் ஃப்ளோட்டை மாட்டி ஏறலாம். அலையில், விறைத்த கையோடு அது லேசுப்பட்ட காரியம் இல்லை, குளிர்கடலில் தனியாகப் போகவே வேண்டாம் என்பது என் தீர்மானமான கருத்து. எது நடந்தாலும் படகை விடக் கூடாது. ‘மரத்த மட்டும் வுட்றாதடா’ என்று அப்பா எனக்குச் சொன்னதைத்தான் நானும் சொல்கிறேன்.

காற்றுக்கும் அப்பாவிடம்தான் போக வேண்டும். கோடையில் காலை நேரம் மேற்கிலிருந்து கச்சான் அடிக்கும்போது, கரையோரம் கடல் ஆடாமல் அசையாமல் கிடக்கும். புதிதாக வருகிறவர்கள் ‘இன்னைக்கு சூப்பர் சார்’ என்பார்கள். அது கரையிலிருந்து வெளியே தள்ளுகிற காற்று. போகப் போக வலுக்கும், அலையும் பெரிதாகும், திரும்பும்போதுதான் தெரியும் அதை எதிர்த்துத் துடுப்புப் போட வேண்டும் என்று. 1993 மார்ச்சில் இங்கிலாந்தின் தென்மேற்கே லைம் விரிகுடாவில் நடந்தது இதுதான். எட்டு மாணவர்கள், ஓர் ஆசிரியர், இரண்டு பயிற்றுநர்கள். கரையிலிருந்து அடித்த காற்று அவர்களை வெளியே தள்ளிக்கொண்டு போனது, மாணவர்களின் கயாக்குகளில் ஸ்ப்ரே ஸ்கர்ட் இல்லாததால் தண்ணீர் நிரம்பியது, உதவி கேட்டு வெளிச்சம் காட்டுகிற சுடர் வெடிகளும் இல்லை, குழு திரும்பவில்லை என்ற தகவல் கடலோரக் காவலுக்கு மிகவும் தாமதமாகப் போனது. நான்கு மாணவர்கள் இறந்தார்கள். அதன் பிறகுதான் 1995-இல் சிறுவர்களுக்குச் சாகசப் பயிற்சி அளிக்கும் மையங்களுக்கென்று அங்கே தனிச் சட்டமே வந்தது. புதிய பயிற்றுநர்களை வேலைக்கு எடுக்கும்போது இந்தச் சம்பவத்தை முழுக்கப் படித்துவிட்டு வரச் சொல்வேன். அதில் ஒவ்வொரு ஓட்டையும் கரையிலேயே அடைத்திருக்கக் கூடியது.

மீட்ட பிறகும் வேலை முடிவதில்லை. வெகுநேரம் தண்ணீரில் கிடந்தவரை எழுப்பி நடக்கவிடக் கூடாது, கை காலைத் தேய்க்கக் கூடாது, பிராந்தி கொடுக்கவே கூடாது. படுக்கவைத்து, ஈரத்தைக் களைந்து, போர்த்தி, காற்று படாமல் வைத்து உதவிக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். தெளிவாகப் பேசி, விழுங்க முடிகிறது என்றால் மட்டும் சூடாக, இனிப்பாக ஏதாவது கொடுக்கலாம்.

இப்போது என்னிடம் பழகிக்கொண்டிருக்கும் பெண் ஒருவர் அடுத்த மாதம் நார்வேயில் இருக்கும் பெர்கனுக்குப் போகிறார். ரோல் நன்றாக வந்துவிட்டது, ஐஸ் பெட்டியும் ஆயிற்று. போன வாரம், போகிற வழியையும் திரும்புகிற நேரத்தையும் யாரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புவது என்ற பேச்சு வந்தது. ‘வேளச்சேரியில அம்மாகிட்ட வாட்ஸ்அப்ல சொல்லிட்டுப் போறேன் மாஸ்டர்’ என்றார். அம்மாவுக்குச் சொல்லுங்கள், நல்லதுதான். ஆனால் இங்கே நாம் அழைக்கிற 1554 இந்தியக் கடலோரக் காவல் படைக்குத்தான் போகும், பெர்கன் கடலில் யாரை எழுப்புவது என்று அம்மாவுக்குத் தெரியாது. அந்த ஊரிலேயே, அந்த ஊர் எண்ணைக் கூப்பிடத் தெரிந்த ஒருவரிடம் எழுதிக் கொடுங்கள்: எத்தனை பேர், படகுகளின் நிறம் என்ன, எங்கே இறங்குகிறீர்கள், எங்கே கரையேறுகிறீர்கள், எத்தனை மணிக்குத் தகவல் வராவிட்டால் உதவி கேட்க வேண்டும். ஆறு மணி என்று எழுதினால் ஆறு மணிக்கே கூப்பிடச் சொல்லுங்கள், இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்று அவர்கள் காத்திருக்கக் கூடாது. கரையேறியதும், உடுப்பு மாற்றுவதற்கு முன்பே, வந்துவிட்டேன் என்று அவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.