இரண்டு குழாய், ஒரு மியூவான்: காஸ்மிக் கதிர் எண்ணி இதுவரை

கதிர்வீச்சுத் துகள் பட்டால் மின்துடிப்பு தரும் கெய்கர் குழாய்கள் இரண்டை ஒன்றுக்கு மேல் ஒன்றாகப் பொருத்தி, இரண்டும் ஒரே நேரத்தில் துடித்தால் மட்டும் எண்ணும் கருவி இப்போது நம்பகமாக ஓடுகிறது. மணிக்குச் சராசரியாக 41. சிறிய எண்தான். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை நம் தலைக்கு மேல் ஏறத்தாழ 15 கிலோமீட்டர் உயரத்தில் பிறந்து, ஒளிக்குச் சற்றே குறைந்த வேகத்தில் கூரையையும் துளைத்து இறங்கி வந்த மியூவான்கள்: விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர் வளிமண்டலத்தில் மோதும்போது பிறக்கும், எலக்ட்ரானைப் போன்ற ஆனால் எடை கூடிய துகள்கள். மேசை மேல் இருக்கும் ஒரு சின்னப் பெட்டி இதைச் சொல்கிறது என்பதில் எனக்கு இன்னும் வியப்பு அடங்கவில்லை.

ஒற்றைக் குழாயை வைத்து இதைச் சொல்லவே முடியாது. என்னிடம் இருப்பவை எஸ்பிஎம்-20 வகை: பத்து சென்டிமீட்டர் நீளம், ஒரு சென்டிமீட்டர் தடிமன், 400 வோல்ட்டில் இயங்குபவை. தனியாக விட்டால் நிமிடத்துக்கு 20 முறை துடிக்கின்றன. அதில் பாதிக்கு மேல் சுவரிலும் தரையிலும் உள்ள பொட்டாசியம், தோரியம், யுரேனியத்தின் வேலை. இயற்பியலாளர் விக்டர் ஹெஸ் 1912 ஆகஸ்ட் 7 அன்று, கதிர்வீச்சை அளக்கும் மின்காட்டிகளுடன் பலூனில் 5,300 மீட்டர் வரை ஏறியதும் தரையின் கதிரிலிருந்து விலகிப் பார்க்கத்தான். மேலே போகப் போகக் கதிர்வீச்சு கூடியது. வானிலிருந்து ஏதோ வருகிறது என்று உறுதியானது.

பலூன் ஏறாமலே மேலிருந்து வருவதைப் பிரித்தெடுக்கும் வழியை 1929இல் இயற்பியலாளர்கள் வால்தர் போத்தேயும் வெர்னர் கோல்ஹர்ஸ்டரும் காட்டினார்கள். இரண்டு குழாய்களும் சேர்ந்து துடித்தால், ஒரே துகள் இரண்டையும் ஊடுருவிப் போயிருக்க வேண்டும். அவர்கள் நடுவில் 4.1 சென்டிமீட்டர் தடிமனுள்ள தங்கக் கட்டியை வைத்தார்கள். அப்படியும் உடன்நிகழ்வுகளில், அதாவது இரண்டும் சேர்ந்து துடித்தவற்றில், 76 சதவீதம் குறையாமல் நின்றன. காஸ்மிக் கதிர் என்பது காமா கதிர்தான் என்று அதுவரை நிலவிய நம்பிக்கையை அந்தக் கட்டி ஆட்டம் காணச் செய்தது. இந்தத் துறையில் நான் மிக விரும்பும் சோதனை இது.

தங்கத்துக்குப் பதில் ஈயத்தை வைத்துச் செய்து பார்த்தேன். குழாய்களுக்கு நடுவே 5 சென்டிமீட்டர் இடைவெளி. ஈயம் இல்லாமல் மணிக்கு 52. ஒரு சென்டிமீட்டர் ஈயத் தகடு வைத்ததும் 44. நான்கு சென்டிமீட்டராக உயர்த்தினால் 41. முதல் தகட்டில் விழுந்த சரிவு, ஒரு குழாயிலிருந்து அடுத்ததற்குத் தெறிக்கும் எலக்ட்ரான்கள் நின்றுபோனதால். அதன் பிறகு கூட்டிய ஈயம் எதையும் பெரிதாகத் தடுக்கவில்லை. 44க்கும் 41க்கும் இடையிலுள்ள வேறுபாட்டை நான் நம்பவும் மாட்டேன். பன்னிரண்டு மணி நேரத்தில் 500 எண்ணினால், அதன் வர்க்கமூலமான 22 அளவுக்குப் பிழை வரும். மணிக்கு இரண்டு கூடுவதும் குறைவதும் இயல்பு.

சுற்றில் யோசிக்க வேண்டிய இடம் ஒன்றுதான். ஒவ்வொரு துடிப்பையும் 100 மைக்ரோவினாடி அகலத்துக்கு நீட்டி, இரண்டும் சேர்ந்தால் மட்டும் திறக்கும் லாஜிக் சிப்புக்கு அனுப்புகிறேன். எண்ணுவதை அர்டுயினோ என்ற சிறு கணினிப் பலகை பார்த்துக்கொள்கிறது. அகலத்தைக் கூட்டினால் தற்செயலாகச் சேரும் துடிப்புகள் பெருகும். ரொம்பவும் குறைத்தால், கெய்கர் குழாய் சில மைக்ரோவினாடி முன்பின்னாக விழித்துக்கொள்வதால் உண்மையானவையே தவறும். நிமிடத்துக்கு 20 வீதம் துடிக்கும் இரு குழாய்களுக்கு 100 மைக்ரோவினாடி என்றால், தற்செயல் சேர்க்கை நாளுக்கு இரண்டுதான் என்று கணக்கு வருகிறது. குழாய்களைச் சில மீட்டர் தள்ளி வைத்து ஓட்டியபோதும் அந்த அளவில்தான் இருந்தது. இந்தச் சோதனையைச் செய்யாமல் யாரும் தம் எண்களை நம்ப வேண்டாம். (400 வோல்ட் மின்தேக்கி, இணைப்பைப் பிடுங்கிய பின்னும் மின்னூட்டத்தைத் தக்கவைத்திருக்கும், அதை வெறுமையாக்கிவிட்டே கை வையுங்கள்.)

அடுத்து, கருவியைச் சாய்த்துப் பார்த்தேன். குழாய்களின் நீளம் கிடையாகவே இருக்கும்படி பக்கவாட்டில் சாய்க்க வேண்டும். நீளவாக்கில் பார்வைக்கோணம் அகலம் என்பதால் அந்தத் திசையில் சாய்த்தால் கோணமே மங்கிவிடும். நேர்குத்தாக 41, 30 பாகையில் 31, 60 பாகையில் 12, முழுக்கக் கிடையாக 3. மியூவான்கள் கோணத்தின் கொசைன் வர்க்கப்படி குறையும் என்பது பாடம். அதன்படி 60 பாகையில் 10 வர வேண்டும், 12 வந்தது. பிழை எல்லைக்குள்தான், ஆனாலும் அந்த உபரியில் காற்றுப் பொழிவுகளுக்கும் பங்கு இருக்கலாம்: 1938இல் பியர் ஓஜே கண்டறிந்ததுபோல, வளிமண்டலத்தில் மோதும் ஒரே துகள் பெரும் துகள்கூட்டமாகப் பெருகித் தரையில் விரிகிறது.

இந்த எண்ணிக்கையின் பின்னால் இருக்கும் கதை பெரிது. மேலே வந்து மோதுபவற்றில் 90 சதவீதம் புரோட்டான்கள். மின்னூட்டம் கொண்டவை என்பதால் விண்மீன் மண்டலத்தின் காந்தப்புலம் அவற்றின் வழியை வளைத்துவிடுகிறது. வந்த திசையைப் பார்த்துப் பிறப்பிடத்தைச் சொல்ல முடியாது. ஆனால் புரோட்டான்கள் பிறப்பிடத்தின் அருகே வாயுவில் மோதும்போது உண்டாகும் காமா கதிர் நேராக வரும். அதைக் கொண்டுதான் 2013இல் ஃபெர்மி தொலைநோக்கிக் குழுவினர், ஐசி 443, டபிள்யூ44 என்ற இரு சூப்பர்நோவா எச்சங்களில் (வெடித்த விண்மீன்களின் மிச்சங்களில்) புரோட்டான்கள் முடுக்கப்படுவதற்கான தடயத்தைக் காட்டினார்கள். மியூவான்களின் ஆயுளோ 2.2 மைக்ரோவினாடி. ஒளியின் வேகத்தில் போனாலும் அதற்குள் 660 மீட்டர்தான் கடக்க முடியும். வேகமாகப் போகும் துகளின் ஆயுள் நமக்கு நீண்டு தெரியும் என்று சார்பியல் சொல்லும் காலநீட்சி இல்லையென்றால் என் கருவி கிட்டத்தட்ட மௌனமாகவே இருந்திருக்கும்.

துகள் போன வழியை ஆவித் துளிகளின் கோடாகக் காட்டும் மேக அறையும் செய்யலாமே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். தடங்களைக் கண்ணால் பார்ப்பது அழகு, மறுக்கவில்லை. எண்ணி, கோணம் மாற்றி, தடுப்பு வைத்துக் கேள்வி கேட்க உடன்நிகழ்வு முறைதான் ஏற்றது.

இந்தக் கருவிக்கு எட்டாதவையும் உண்டு. காற்றழுத்தம் கூடினால் மியூவான் எண்ணிக்கை சற்றே குறையும்; 10 ஹெக்டோபாஸ்கல் மாறினால் ஓரிரு சதவீதம். நாள் முழுக்க எண்ணினாலும் எனக்கு 3 சதவீதம் பிழை. ஊட்டியில் உள்ள கிரேப்ஸ்-3 என்ற காஸ்மிக் கதிர் ஆய்வகம், 2014இல் ஓர் இடிமேகத்தில் 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் உருவானதை மியூவான் எண்ணிக்கையில் ஏற்பட்ட சரிவைக் கொண்டே அளந்தது. அங்கே உணர்கருவிகளின் பரப்பு அவ்வளவு பெரிது. ஆகவே அடுத்த வேலை பரப்பைக் கூட்டுவது: மேலே நான்கு, கீழே நான்கு குழாய்களை இணைத்து, ஓர் அழுத்தமானியையும் பக்கத்தில் வைக்கப்போகிறேன். மரச் சட்டம் தயார். குழாய்களைத் தனித்தனியாகச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறேன்.