பத்து நாள் கெடு

அஞ்சல் இலாகாவில் சார்ஜ் மெமோ, அதாவது குற்றச்சாட்டுக் காகிதம், வாங்கியவர் முதலில் செய்வது, அதை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்வதுதான். வீட்டில் சொல்லமாட்டார். பக்கத்துக் கவுண்டர்காரரிடமும் சொல்லமாட்டார். சிறு தண்டனைக்கான ரூல் 16 மெமோவுக்குப் பதில் எழுதப் பத்து நாள் கெடு. அதில் ஐந்தாறு நாள் இப்படியே போய்விடும். பிறகு ஒருநாள் இரவு எட்டு மணிக்கு மேல் என் வீட்டு வாசலில் சைக்கிள் வந்து நிற்கும். "தோழர், ஒரு காயிதம் வந்திருக்கு." அஞ்சல் எழுத்தர்களின் பி-3 சங்கத்தில் கிளைச் செயலராகவும் கோட்டச் செயலராகவும் இருந்த காலத்தில் நான் அதிகம் கேட்ட வார்த்தை இதுதான்.

1983இல் ஆர்.டி.பி. ஆளாக இலாகாவுக்குள் வந்தேன். ரிசர்வ் டிரெயின்டு பூல் என்று பெயர். பயிற்சி முடித்தவர்களைக் காத்திருக்க வைத்து, ஆள் குறைகிற ஆபீசுக்கு அனுப்பி, மணிக்கணக்கில் கூலி தருவார்கள். பை பிரிப்பது, ரெஜிஸ்டர் தபால் பதிவது, சேமிப்புக் கவுண்டர் என்று நிரந்தர ஊழியர் பார்க்கும் அதே வேலைதான். எங்களுக்காக அதிகாரியின் அறைக்குள் போய்ப் பேசியவர் அப்போதைய கிளைச் செயலர். தேவை அடிப்படையில் குறைந்தபட்ச ஊதியம் கேட்டு மத்திய அரசு ஊழியர்கள் 1968 செப்டம்பர் 19 அன்று நடத்திய ஒருநாள் வேலைநிறுத்தத்தில் வேலை பறிபோய், பின்னால் திரும்ப எடுக்கப்பட்டவர். அந்த இடைக்கால வறுமையைப் பற்றி அவர் வாய் திறந்ததில்லை. என்னிடம் சொன்னதெல்லாம், "மைக்குல பேசறது அப்புறம் தம்பி. முதல்ல ரூல் புத்தகத்தப் படி."

படித்தேன். 1993இல் கிளைச் செயலரானதும் வந்த முதல் பெரிய கேஸ் ஒரு ரெக்கவரி. கிளை அஞ்சலகம் ஒன்றில் ஆர்.டி. (தொடர் சேமிப்பு) பணத்தை வாங்கிப் பாஸ்புக்கில் பதிந்துவிட்டு, கணக்கில் கொண்டுவராமல் போஸ்ட்மாஸ்டர் கையாண்டுவிட்டார். அவரிடமிருந்து மீட்க எதுவும் இல்லை. அதனால் கணக்கு வந்து சேரும் சப் ஆபீசில் அந்த இரண்டு வருடத்தில் உட்கார்ந்த எழுத்தர்களையெல்லாம், கவனக்குறைவால் துணைபோனவர்கள் என்று, உப குற்றவாளி ஆக்கி மெமோ கொடுத்தார்கள். எங்கள் தோழர்மேல் இருந்த குற்றச்சாட்டு, மூன்று வித்டிராயல் படிவங்களில் கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்க்கவில்லை என்பது. அதற்குத் தண்டனையாக, மொத்த நஷ்டத்தில் ஒரு பங்கை மாதத் தவணையில் சம்பளத்தில் பிடிக்க உத்தரவு.

மூன்று நாள் லீவு போட்டுக் கோட்ட அலுவலகத்தில் உட்கார்ந்து வவுச்சர்களைப் பார்த்தேன். நஷ்டத்தில் பெரும்பகுதி கணக்கில் ஏறாத டெபாசிட். ஏறாத டெபாசிட்டுக்குச் சப் ஆபீசுக்கு எந்தக் காகிதமும் வந்து சேராது. வராத காகிதத்தில் எந்தக் கையெழுத்தை அவர் ஒப்பிட்டிருக்க முடியும்? ஒருவருடைய கவனக்குறைவால் நேரடியாக விளைந்த நஷ்டத்தை மட்டுமே அவரிடம் பிடிக்கலாம் என்பது இலாகாவே எழுதி வைத்த விதி. அப்பீலுக்கு 45 நாள் உண்டு. நாற்பதாவது நாள் அனுப்பினோம். முழுசாக ரத்தாகவில்லை. அந்த மூன்று வித்டிராயலுக்கு உண்டான சிறு தொகையோடு முடிந்தது. அவர் மகள் கல்லூரியில் சேர்ந்த வருடம் அது.

அந்த வெற்றி எனக்குக் கொஞ்சம் தலைக்கனத்தைக் கொடுத்தது. மறு வருடம் ஒரு ஈ.டி. டெலிவரி ஏஜெண்ட் வந்தார். ஈ.டி. என்றால் எக்ஸ்ட்ரா டிபார்ட்மெண்டல், இலாகாவின் நிரந்தரக் கணக்கில் சேராத கிராமத்துத் தபால் ஊழியர். முதியோர் பென்ஷன் மணியார்டர் ஒன்றைக் கொடுக்கவில்லை என்று புகார். புட் ஆஃப் செய்திருந்தார்கள், அதாவது விசாரணை முடியும்வரை வேலையிலிருந்து நிறுத்தியிருந்தார்கள். எங்களைப் போன்றவர்களைச் சஸ்பெண்ட் செய்தால் பிழைப்புப் படியாவது வரும். ஈ.டி. ஊழியருக்கு அந்நாளில் புட் ஆஃப் காலத்துக்கு ஒரு பைசா கிடையாது. எல்லாம் தெரிந்தும், "உங்க சங்கம் வேறங்க, அங்க போய்ப் பாருங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். "சரிங்க சார்" என்று போய்விட்டார்.

பழைய செயலர் காதுக்கு எப்படியோ போனது. "சந்தா எந்தப் புத்தகத்துல இருக்குன்னு பார்த்துத்தான் பதில் எழுதுவியா?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார்.

மறுநாள் அந்த ஏஜெண்டின் ஊருக்குச் சைக்கிள் மிதித்தேன். புகாரில் பெயர் இருந்த பாட்டி திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தார். பணம் வந்தது, ரேகை வைத்தது நான்தான் என்றார். புகார் எழுதியது பேரன். பாட்டிக்கே தெரியாது. விசாரணையில் இதை நிலைநாட்டப் பதினோரு மாதம் ஆனது. ஏஜெண்டுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. அந்தப் பதினோரு மாதத்துக்கு அவர் வீட்டில் என்ன சமைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் இல்லை.

ஈ.டி. ஊழியர்கள் வகிப்பதும் சிவில் பதவிதான், அதாவது அரசுப் பதவிதான் என்று ராஜம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1977இலேயே சொல்லிவிட்டது. அவர்கள் நிலையை ஆராய அரசு அமைத்த தல்வார் கமிட்டியும் 1997இல் அவர்கள் பக்கம்தான் பேசியது. ஆனாலும் அவர்களை இலாகா ஊழியர் ஆக்கவில்லை. அதற்காகத்தான் 2000 டிசம்பர் 5 அன்று வேலைநிறுத்தம் தொடங்கினோம். முந்தைய இரவு வரை ஆபீஸ் ஆபீசாகப் போனேன். "நமக்கு இதுல என்ன தோழர்?" என்று கேட்டவர்கள் உண்டு. நான் அந்தத் திண்ணையைப் பற்றிச் சொன்னேன். இரண்டு வாரம் நின்றோம். அந்த நாட்களுக்குச் சம்பளம் இல்லை. கேட்டது கிடைக்காமலே திரும்பினோம். அடுத்த வருடம் ஈ.டி. என்ற பெயர் கிராமிய டாக் சேவக் என்று மாறியது. பெயர் மட்டும்தான். இதை என் வாழ்க்கையின் பெரிய தோல்வியாகவே இன்றும் நினைக்கிறேன். ஆனால் தனக்கு ஒரு ரூபாய்கூட வராத கோரிக்கைக்காகச் சம்பளத்தை இழந்து வாசலில் நின்ற அத்தனை எழுத்தர்களையும் என்னால் மறக்க முடியாது.

2018இல் டாக் சேவக்குகளே பதினாறு நாள் நின்று சம்பள உயர்வு வாங்கினார்கள். அவர்கள் சம்பளத்தை ஆராய்ந்த கமலேஷ் சந்திரா கமிட்டி அறிக்கை வந்து ஒன்றரை வருடம் கிடப்பில் கிடந்த பிறகு. அப்போதும் ஓய்வூதியம் இல்லை.

நான் 2019இல் ரிட்டயர் ஆனேன். அந்த டெலிவரி ஏஜெண்ட் 65 வயது முடிந்ததும் வெளியே வந்துவிட்டார். முப்பத்தைந்து வருடம் தபால் பை சுமந்தவர். மாதக் கடைசியில் என் கணக்கில் ஓய்வூதியம் விழுகிறது. அவருக்கு விழுவதில்லை. போன மாதம் பணிக்கொடைக் கணக்கில் ஏதோ விடுபட்டிருக்கிறது என்று காகிதங்களோடு வந்தார். உட்கார்ந்து பார்த்தோம். இரண்டு வருடச் சர்வீஸைச் சேர்க்கவில்லை. எழுதிக் கொடுத்தேன். ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பச் சொன்னேன். ரசீதைப் பத்திரமாக வைத்திருக்கிறார். பதில் இன்னும் வரவில்லை.